உன் மாமன் வீட்டில் வைத்த பெட்டி

எனக்கு உன் மாமன் மேல் பொறாமை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன் மகனே. நலம் விசாரிக்க ஆரம்பித்தால் மழை, கொழுந்து, அம்மாவின் முட்டிவலி என்று நாலு பக்கம் ஓடி, சொல்ல வந்ததைச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போன வாரம் நீ போனில் சொன்னாய்: "மாமா கல்யாணத்துக்கு வரட்டும், சாப்பிடட்டும், போகட்டும். மணவறையில அவரு நிக்கக் கூடாதுப்பா. தாய்மாமன் மொறைய வேற யாரையாவது வச்சுச் செஞ்சுக்கலாம்." நான் "சரி மகன்" என்றேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். அதனால் உன்னுடைய பழைய கணக்குக் கொப்பியில் மிஞ்சிய தாள்களைக் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா, கல்யாணச் சாமான் பட்டியல் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் பொறாமைக்கு உன் வயது. உனக்குக் காது குத்தியபோது முறைப்படி உன் மாமன் கதிர்வேலு மடியில் உட்காரவைத்தோம். ஊசி ஏறியதும் நீ தோட்டமே கேட்கக் கத்தினாய். குத்தி முடித்ததும் நான் தூக்கக் கை நீட்டினேன். நீ அவன் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து இன்னும் சத்தமாகக் கத்தினாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து, சாம்பாரில் உப்பில்லை என்று உன் அம்மாவிடம் சண்டை போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் நீ பாஸான அன்று என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாய். நான் வேலை பார்த்த, தேயிலை அரைக்கிற ஸ்டோர் வாசலைத் தாண்டித்தான் ஓட வேண்டும். நான் மெஷின் பக்கத்தில் நின்று சன்னலால் பார்த்தேன். இதோ உள்ளே வருவான் என்று கையைக்கூடத் துடைத்துக்கொண்டேன். நீ நிற்கவே இல்லை. நேரே கல்படி இறங்கிக் கீழ் லயத்து வீட்டு வரிசைக்கு, மாமன் வீட்டுக்குப் போய்விட்டாய். அன்று மாலை நீ வீட்டுக்கு வந்தபோது நான் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "இங்க எதுக்கு வந்த? அங்கயே சோறு தின்னுட்டு அங்கயே படுத்துக்க." பத்து வயதுப் பிள்ளையிடம், பாஸாகி வந்த நாளில், ஒரு தகப்பன் சொன்னான். நீ கதவுப் பக்கத்தில் நின்று பரீட்சைத் தாளை மடித்துக்கொண்டே இருந்தாய். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன், அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

பிறகு நீ கொழும்புக்குப் போய் இந்த வேலையில் சேர்ந்தாய். என் பிள்ளை போன் கம்பெனியில் வேலை செய்கிறான் என்று நான் தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்தேன். ஆளாளுக்குத் தங்கள் சிம் வேலை செய்யவில்லை என்று என் வாசலில் வந்து நின்றார்கள். உன் மாமன்தான் டவுன் ஆட்டோ ஸ்டாண்டில் நின்று எல்லோருக்கும் சரியாக விளங்கப்படுத்தினான். "மருமகன் போன் கம்பெனி இல்லப்பா. போன் கம்பெனிக்காரன் எங்க சிக்னல் இருக்குன்னு சொல்லுறானோ, அங்க நெசமாவே இருக்கான்னு பாக்குற கம்பெனி. வேனு நெறைய போன வச்சுக்கிட்டு ரோடு ரோடாப் போவான். அதுகளே ஒன்னுக்கொன்னு எடுத்துப் பேசிக்கிரும். சிக்னல் இருக்குற எடம் கம்ப்யூட்டர்ல பச்சை, இல்லாத எடம் செவப்பு." நான் பத்தடி தள்ளிப் பேப்பர் வாசிக்கிற மாதிரி நின்று கேட்டுக்கொண்டேன். என் மகன் என்ன வேலை செய்கிறான் என்பதை நான் ஆட்டோ ஸ்டாண்டில் தெரிந்துகொண்டேன். கந்தப்பளைப் பெண்ணை உனக்குப் பிடித்திருக்கிறது என்பதும் முதலில் அவனுக்குத்தான் தெரியும். படத்தை அவன் போனில்தான் பார்த்தேன். பெரிதாக்கிக் காட்டட்டுமா மச்சான் என்று வேறு கேட்டான்.

அவன் வீட்டில் சிக்னலே கிடையாது. கீழ் லயம் மலைமடிப்புக்குள் கிடக்கிறது. மேலே, வரிசையின் கடைசியில் இருக்கும் நம் கோடிக் காம்பராவிலோ போன் நன்றாகப் பேசும். ஆனால் நீ அவன் பூண்டுலோயா டவுனில் ஆட்டோவோடு நிற்கிற பகல் நேரமாகப் பார்த்து அவனுக்குப் போன் எடுப்பாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் எனக்கே தெரியும். நீ வீட்டுக்கு எடுக்கும்போது நான் மூன்று கேள்வி கேட்பேன். சாப்பிட்டியா, மழையா, எப்ப வர்ற. பிறகு "இந்தா, அம்மாக்கிட்டப் பேசு" என்று போனைக் கொடுத்துவிட்டு, அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பேசத் தெரியவில்லை மகனே. மெஷின் சத்தத்தில் முப்பது வருஷம் நின்றவனுக்குக் கத்தத் தெரியும், பேச வராது. அது என் குறை என்று ஒத்துக்கொள்ளாமல், உன் மாமன் உன்னை மயக்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டால் மனசுக்குச் சுலபமாக இருந்தது.

இனிமேல்தான் நீ உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி வருகிறது. போன வருஷம் நீ அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டுவந்தாய். உள்ளே நாலு போன், மேலே ஒரு சின்ன விளக்கு. இரண்டு வாரம் ஒரே இடத்தில் வைத்தால் அதுவே இரவு பகலாக அழைப்பெடுத்துக் கணக்கெடுத்துக்கொள்ளும், அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கீழ் லயத்துக்கு டவர் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள் என்றாய். நான் நம் வீட்டு மேசையைத் துடைத்து வைத்தேன். பிளாஸ்டிக் பூவைக்கூட எடுத்துவிட்டேன். நீயோ பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினாய். "நம்ம வீட்டுல வைக்கலையா மகன்?" என்றேன். "நம்ம வீட்டுலதான் சிக்னல் இருக்கேப்பா. இல்லாத எடத்துலதான் வைக்கணும்" என்றாய். எவ்வளவு நியாயமான பதில். எனக்கு அது காதில் ஏறவே இல்லை. கடைசியில் மாமன் வீடுதானா என்பது மட்டும்தான் ஏறியது.

பெட்டி வைத்து ஒன்பதாம் நாள் உன் அத்தை வீட்டுப் பக்கம் வலப்பனையில் ஒரு சாவு. உன் மாமன், அத்தை, உன் அம்மா மூன்று பேரும் போனார்கள். எனக்கு அப்போது இருமல், போகவில்லை. உன் மாமன் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். "லைட்டு எரியுதான்னு மட்டும் பாத்துக்கங்க மச்சான். கைய கிய வச்சிராதீங்க, மருமகன் சொல்லியிருக்கான்" என்றான். அவன் நல்லபடியாகத்தான் சொன்னான். என் மகனுடைய பெட்டியில் கை வைக்காதே என்று எனக்கு இவன் சொல்கிறானா என்று எனக்குள் பற்றி எரிந்தது.

மறுநாள் காலை ஆட்களெல்லாம் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு திறந்து பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், சிவப்புத்தான். பெட்டி கெட்டுப்போய்விட்டது, என் பிள்ளையின் வேலை பாழாகிறது என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு சொன்னதையும் எழுதிவிடுகிறேன். நம் வீட்டில் வைத்தால் பச்சை எரியும், யார் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றது. நான் இரண்டாவது மனசின் பேச்சைத்தான் கேட்டேன். கொழுந்துச் சாக்கில் பெட்டியைப் போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு, இருமிக்கொண்டே படியேறினேன். நம் மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பச்சை எரிந்தது.

ஆமாம் மகனே. பெட்டியை நகர்த்தியது நான்தான். உன் மாமன் இல்லை.

மூன்று நாள் அது நம் வீட்டில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். உள்ளே போன்கள் தாமாக அழைப்பெடுப்பதும் வெட்டுவதுமாக இருக்கும். அந்தப் பக்கம் நீ இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு தடவை "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்டேன். சிரிக்காதே. அவர்கள் வருகிற அன்று காலையிலேயே திரும்பக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். விளக்கு மறுபடி சிவப்பானது. நான் செய்தது என்ன என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை. இடம் காட்டுகிற கருவியும் பெட்டியில் இருந்ததாம். தகரக் கூரைக்குள் அது சரியாகப் பிடிக்காது என்று பிறகு நீ சொன்னபோது, நல்லவேளை என்று நினைத்துக்கொண்ட பாவி நான்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கணக்கில் மூன்று நாள் சிக்னல் அருமையாக இருந்ததாக வந்தது. இங்கேதான் பேச முடிகிறதே என்று போன் கம்பெனி கீழ் லயத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கீழ் லயத்து ஆட்கள் எழுதிப் போட்டார்கள். உன் ஆபீசிலிருந்து வேறொருவர் வந்து கருவியோடு நடந்து பார்த்தார், ஒரு சொட்டுச் சிக்னல் இல்லை. பெட்டியை யாரோ நகர்த்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீ பொய்க் கணக்கு எழுதியிருக்க வேண்டும் என்றார்கள். உன்னை வேனிலிருந்து இறக்கி ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே கீழ் லயத்துக்கு வந்தாய். சத்தம் கேட்டு நானும் இறங்கி வந்தேன். உன் மாமன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான், கையெல்லாம் சோப்பு நுரை. "பெட்டிய யாரு மாமா நகத்துனது?" என்று கேட்டாய். அவன் என்னைப் பார்த்தான். சாவி என்னிடம் இருந்தது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே ஒரு தடவைதான் பார்த்தான். பிறகு உன்னிடம் திரும்பி, "நான்தான் மருமகனே. ஊருக்குப் போறோமே, களவு போயிரும்னு பயந்து மேல ஒரு வீட்டுல வச்சுட்டேன். தப்புத்தான்" என்றான். "இனிமே என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்றாய் நீ. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பயத்தால் மட்டும் என்று நினைக்காதே. உள்ளே ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து நீ பகலில் எனக்கு எடுக்க ஆரம்பித்தாய். எட்டு மாதம். மண்டபம் எது, மேளம் எது, பெண் வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்டாய். ஒரு நாள் நீயாகவே, "ஆபீசுக்குள்ள உக்காந்து உக்காந்து பைத்தியம் புடிக்குதுப்பா" என்றாய். இப்படியெல்லாம் நீ என்னிடம் பேசியதே இல்லை. பன்னிரண்டு மணி ஆனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவேன். கீழே ரோட்டில் உன் மாமன் ஆட்டோ போகும். அவன் ஹார்ன் அடிப்பான், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். என் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும் இல்லையா? தீரவில்லை. நான் செய்த களவை அவன் தலையில் சுமந்துகொண்டு, அதையும் உன்னிடம் என் மானம் போகாமல் சுமந்தான் பார், அதற்காக முன்னைவிட அதிகமாகப் பொறாமைப்பட்டேன். அதிலும் அவன்தான் என்னை ஜெயித்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மழைப் பகலில் கீழ் லயத்துப் பெண்ணொருத்தி மூச்சிரைக்க நம் வாசலுக்கு ஓடி வந்தாள். "அண்ணிக்கு இழுப்பு வந்துருச்சுங்க. அண்ணன் டவுன்ல நிக்கிறாரு. கீழ போன் எடுக்க முடியல, உங்க போனக் குடுங்க" என்றாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவன் ஆட்டோவைப் பறக்க ஓட்டி வந்து உன் அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பிழைத்துவிட்டாள். அந்தப் பெண் படியேறி ஓடி வந்த நேரம், நான் திருடிய நேரம். அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு நீ எடுத்தாய், "என்னப்பா கொரலு ஒரு மாதிரியா இருக்கு" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை இழக்க எனக்கு மனசு வரவில்லை. இருமல் என்றேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், மணவறையில் மாமன் நிற்கக் கூடாது என்று நீ சொன்னதை உன் அம்மா அழுதுகொண்டே போய் அவனிடம் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை அவன் நம் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே ஒரு பார்சலை என் கையில் கொடுத்தான். பட்டு வேட்டி, சட்டை, துண்டு. தாய்மாமன் எடுத்துக்கொடுக்க வேண்டிய உடுப்பு. உனக்குப் பெண் பார்த்த நாளிலேயே எடுத்து வைத்துவிட்டானாம். "நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம் மச்சான். நீங்க வாங்குனதாவே குடுத்துருங்க. அவன் உடுத்துனாப் போதும்" என்றான். திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். நான்கு நாளாக அந்தப் பார்சல் அலுமாரியில் இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன், அதை எடுத்துப் பிரித்து, "அப்பா வாங்குனது மகன்" என்று கண்ணாடி முன்னால் சொல்லிக்கூடப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை சொல்ல வாய் வரவில்லை.

உனக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறக்கும். அது உன்னைத் தாண்டி வேறு யாரிடமாவது ஓடும். ஓடத்தான் செய்யும். அப்போது சன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு கையைத் துடைத்துக்கொண்டிருக்காதே. வெளியே வந்து கூப்பிடு. நின்றால் நிற்கட்டும், ஓடினால் பின்னாலேயே நீயும் இறங்கிப் போய் அவர்கள் வீட்டில் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு வா. கல்யாணப் புத்திமதி என்று என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பெண்டாட்டியிடம் உப்பைப் பற்றிச் சண்டை போடாதே என்பதையும் சேர்த்துக்கொள்.

எந்த மூன்று நாள் பெட்டி நம் வீட்டில் இருந்தது என்று தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அதை உன் ஆபீஸ் பெரியவரிடம் காட்டு. உன் பெயரில் விழுந்த கறை போகட்டும், கீழ் லயத்தை மறுபடி பட்டியலில் போடட்டும். பைத்தியக்காரத் தகப்பன் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நாளைக் காலையில் இந்தக் கடிதத்தையும் அந்தப் பார்சலையும் எடுத்துக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்குவேன். உடுப்பை உன் மாமன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, நீயே உன் மருமகனுக்குக் கொடு என்பேன். கடிதத்தையும் அவனிடமே கொடுத்து டவுனில் தபாலில் போடச் சொல்வேன். உறையை ஒட்டாமல்தான் கொடுக்கப்போகிறேன். அவன் படிக்க மாட்டான், அந்த ஆளின் குணம் அப்படி. அதற்கும் எனக்குப் பொறாமைதான், ஆகவே நானே வாசலில் நின்று வாசித்துக் காட்டுவேன்.

இதைப் படித்ததும் முதலில் அவனுக்கு எடு. பகலில் ஸ்டாண்டில்தான் நிற்பான். எனக்குப் பன்னிரண்டு மணிக்கு எடுக்க வேண்டாம். உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது எடு, கல்யாணத்துக்கு முன்னாலோ பின்னாலோ. கோபத்தோடே எடு, என்ன வேண்டுமானாலும் கேள். இந்தத் தடவை போனை அம்மாவிடம் கொடுக்க மாட்டேன்.

அப்பா